சாக்ஸபோன் கொலோசஸ்: முதல்முறை கேட்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

அமெரிக்க ஜாஸ் கலைஞர் சோனி ரோலின்ஸ் டெனர் சாக்ஸபோனில் வாசித்து 1956-ல் பதிவுசெய்த 'சாக்ஸபோன் கொலோசஸ்' ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள் என்று பல வருடமாகப் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்கள் ஒரு வாரத்துக்குள் கேள்விகளோடு திரும்பி வருவார்கள், பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

டெனர் சாக்ஸில் எத்தனையோ ஆல்பம் இருக்க, ஏன் இதையே முதலில் கேட்கச் சொல்கிறீர்கள்?

இதில் மெட்டு ஒருபோதும் தொலைந்துபோவதில்லை, அதனால்தான். ஜாஸ் கேட்க ஆரம்பிக்கிற பலர் சொல்கிற குறை, "முதலில் ஒரு நிமிடம் நன்றாக இருக்கிறது, அப்புறம் அவர் பாட்டுக்கு எங்கேயோ போய்விடுகிறார்" என்பது. ரோலின்ஸ் அப்படிப் போவதில்லை. எவ்வளவு தூரம் சுற்றினாலும் அந்த ஆரம்ப மெட்டின் ஒரு துண்டு அவர் கையிலேயே இருக்கும், நாம் கவனித்தால் அது தெரியும். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவது சுருக்கமாக இதுதான்: மெட்டை மனதில் பிடித்து வைத்துக்கொண்டு கேளுங்கள். மொத்தம் 5 உருப்படி, 40 நிமிடம். ஒரே மாலையில் இரண்டு முறை கேட்டுவிடலாம்.

மெட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது என்றால் எப்படி?

முதல் உருப்படி 'செயின்ட் தாமஸ்'. அதன் மெட்டு மொத்தமே 16 பார்தான். பார் என்பது தாளத்தின் ஒரு சின்ன அளவு, இங்கே ஒரு பாருக்கு 4 அடி, ஆக 64 அடி. மெட்டை இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் ரோலின்ஸ் தனி வாசிப்புக்குள் போவார். போனதும் அந்த 64 அடி நின்றுவிடுவதில்லை, பியானோவும் பேஸும் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கிற பெரிய தந்தி வாத்தியம்) ட்ரம்ஸும் அதே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள், அதன்மேல் அவர் புதிதாக ஒன்றைக் கட்டுகிறார். நீங்கள் செய்ய வேண்டியது, அவர் தனியாகப் போன பிறகும் பழைய மெட்டை உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பது. தொடையில் தாளம் போட்டால் இன்னும் சுலபம். கச்சேரியில் ஒரே வரியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்யும்போது அந்த வரி தாளத்தில் எந்த இடத்தில் விழும் என்று நம் கை காத்துக்கொண்டிருக்கும் இல்லையா, அதே காத்திருப்புதான் இங்கேயும். இரண்டு மூன்று நாள் இப்படிக் கேட்டால், முணுமுணுக்காமலே சுற்று எங்கே முடிகிறது என்று உடம்புக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

டெனர் சாக்ஸ் என்பது என்ன? கத்ரி கோபால்நாத் வாசித்தது இதைத்தானா?

கத்ரி கோபால்நாத் வாசித்தது ஆல்ட்டோ சாக்ஸ். டெனர் அதைவிடப் பெரியது, தாழ்ந்த சுருதி, ஆண் குரலுக்குப் பக்கத்தில் வரும். உடல் பித்தளை என்றாலும் இதை மரக் காற்றுக் கருவிகளோடுதான் சேர்ப்பார்கள், ஏனென்றால் சத்தம் பிறப்பது வாயில் வைக்கிற நாணல் பட்டையில். நாதஸ்வரத்தின் சீவாளியில் இரண்டு பக்கமும் நாணல் அதிரும், சாக்ஸில் ஒரே ஒரு பட்டை, அதை மௌத்பீஸோடு சேர்த்துத் திருகி இறுக்கியிருப்பார்கள். அடோல்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1846-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இதெல்லாம் தெரியாமலேயே ஆல்பத்தை ரசிக்கலாம். ஆனால் அந்த நாணல் பட்டையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ரோலின்ஸ் கீழ்ச் சுரங்களில் நிற்கும்போது அந்தப் பட்டையின் கரகரப்பும், மெதுவான இடங்களில் சுரத்துக்கு முன்னால் வரும் மூச்சும் தனியாகக் கேட்கும்.

வாசித்த நாலு பேர் யார் யார்?

ரோலின்ஸுக்கு அப்போது 25 வயது. நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்து வளர்ந்தவர், குடும்பம் கரீபியன் கடலில் இருக்கிற விர்ஜின் தீவுகளிலிருந்து வந்தது. போதைப் பழக்கத்தில் மாட்டி, சிறைக்குப் போய், கடைசியில் 1955-ல் கென்டக்கியின் லெக்சிங்டனில் இருந்த அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து அதிலிருந்து வெளியே வந்தவர். அதற்கு அடுத்த வருடமே இந்தப் பதிவு. இதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது, அந்தச் சத்தத்தில் இருக்கிற தெம்பு எனக்கு வேறு மாதிரிப் படுகிறது.

ட்ரம்ஸில் மேக்ஸ் ரோச், நாலு பேரில் மூத்தவர், 32 வயது, ஆல்ட்டோ சாக்ஸ் மேதை சார்லி பார்க்கரோடு வாசித்துப் பெயர் வாங்கியவர். பியானோ டாமி ஃப்ளனகன், பேஸ் டக் வாட்கின்ஸ், இரண்டு பேரும் டெட்ராய்ட்காரர்கள். வாட்கின்ஸுக்கு வெறும் 22. அடுத்த 6 வருடத்தில், 1962-ல், ஒரு கார் விபத்தில் போய்விட்டார். அவர் பெயரை யாரும் அதிகமாகச் சொல்வதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம். இந்த ஆல்பத்தை இரண்டாவது முறை கேட்கும்போது அவரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

எங்கே பதிவு செய்தார்கள்?

நியூஜெர்சியின் ஹேக்கன்சாக் என்ற ஊரில், ஒரு வீட்டு வரவேற்பறையில். ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளருடைய அப்பா அம்மாவின் வீடு அது. அவர் பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற வேலை பார்த்துக்கொண்டே இந்தப் பதிவுகளைச் செய்தார். அந்தக் காலத்தின் முக்கியமான ஜாஸ் தட்டுகளில் ஒரு பெரிய பங்கு அந்த ஒரு அறையில் பிறந்தவை. 1956 ஜூன் 22, ஒரே நாள், ஐந்தும் அன்றைக்கே முடிந்துவிட்டது. ப்ரெஸ்டீஜ் கம்பெனி வெளியிட்டது.

'செயின்ட் தாமஸ்' ரோலின்ஸ் எழுதியதா? எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே.

தட்டில் அவர் பெயர்தான் இருக்கும். ஆனால் மெட்டு பழைய நாட்டுப்புற மெட்டு, சின்ன வயதில் தன் அம்மா பாடிக் கேட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். செயின்ட் தாமஸ் என்பது விர்ஜின் தீவுகளில் ஒன்றின் பெயர். பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டன் இதே மெட்டை 1955-லேயே வேறு பெயரில் பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் இன்று உலகம் முழுவதும் ஜாஸ் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் வாசிப்பது ரோலின்ஸ் வாசித்த வடிவத்தைத்தான்.

ஆரம்பத்திலேயே மேக்ஸ் ரோச் தனியாகக் கலிப்ஸோ என்ற கரீபியன் தாளத்தைப் பிடிப்பார். ஒரு தெருவே நடந்து வருகிற மாதிரி இருக்கும். மெட்டு முடிந்ததும் ரோலின்ஸ் என்ன செய்கிறார் பாருங்கள்: இரண்டே சுரம் கொண்ட ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொள்கிறார். வெட்டி வெட்டி வாசிக்கிறார். கொஞ்சம் இடைவெளி விடுகிறார். மறுபடி அதே இரண்டு சுரம், வேறு இடத்தில், அப்புறம் கொஞ்சம் நீட்டி, அப்புறம் மூன்றாவது ஒரு சுரத்தையும் சேர்த்து. அந்த முதல் சுற்று முழுக்க இந்தத் துண்டிலிருந்தே முளைக்கிறது. 25 வயதுப் பையனுக்கு அவசரமே இல்லை. விரல் வேகத்தைக் காட்ட எல்லா வசதியும் இருக்கிற ஒருவர் இரண்டு சுரத்தோடு நின்று விளையாடுகிறார், அதைக் கேட்கும்போது எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வந்துவிடும், அவ்வளவு சந்தோஷம் அதில் இருக்கிறது.

நடுவில் ரோச்சின் தனி ட்ரம்ஸ் வரும். அது முடிந்து ரோலின்ஸ் திரும்பும்போது கலிப்ஸோ போய்விட்டிருக்கும், பேஸ் அடிக்கு ஒரு சுரமாக நடக்க, நேரான ஸ்விங் ஓட்டம் வந்திருக்கும். அந்த ஒரு நொடியைத் தவறவிடாதீர்கள்.

இரண்டாவது பாட்டு ரொம்ப மெதுவாக இருக்கிறது. தாண்டிப் போகலாமா?

தாண்டாதீர்கள். வேண்டுமானால் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். இது 'யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்', 1941-ல் ஒரு ஹாலிவுட் படத்துக்காக எழுதப்பட்ட பாட்டு, காதலின் வலியை அனுபவிக்காதவனுக்குக் காதல் என்னவென்று தெரியாது என்கிற மாதிரி வரிகள். பாடகி பில்லி ஹாலிடே 1958-ல் பாடியது கிடைக்கும், அதை முதலில் இரண்டு முறை கேட்டுவிட்டு ரோலின்ஸிடம் வாருங்கள். வரிகள் காதில் இருக்கும்போது, அவர் எந்த இடத்தில் மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லை இழுக்கிறார் என்பது புரியும். வாத்தியத்தில் பாடுவது என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான். நான் முதலில் இந்தப் பாட்டைக் கவனிக்கவே இல்லை. ஒரு மழை நாளில், கரண்ட் போய், ஃபோனில் மிச்சமிருந்த சார்ஜில் இது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கீழ்ச் சுரங்களில் இருக்கிற காற்று எனக்குக் காதில் விழுந்தது.

'ஸ்ட்ரோட் ரோட்' பற்றிச் சொல்லுங்கள்.

வேகமான, 5 நிமிடம் சொச்சம் ஓடுகிற உருப்படி. ரோலின்ஸ் தனி வாசிப்பைத் தொடங்கும் இடத்தில் சாக்ஸும் பேஸும் மட்டும் சேர்ந்து ஓடுவதைக் கேளுங்கள், வாட்கின்ஸை நன்றாகப் பிடிக்க இதுவே நல்ல இடம். மற்றபடி, இந்த ஐந்தில் நான் குறைவாகத் திரும்பிப் போகிறது இதற்குத்தான். அருமையான வாசிப்பு, ஆனால் இந்த மாதிரி வேக வாசிப்பை அந்தக் காலத்தில் வேறு சிலரும் செய்துகொண்டிருந்தார்கள்.

'மொரிடாட்' என்பது 'மேக் த நைஃப்' பாட்டுத்தானே?

அதேதான். குர்ட் வைல் இசையமைத்து 1928-ல் பெர்லினில் மேடையேறிய 'த்ரீபென்னி ஆப்பெரா' என்ற நாடகப் பாட்டு. வரிகள் பெர்டோல்ட் பிரெக்ட். மொரிடாட் என்றால் ஜெர்மன் தெருக்களில் கொலைக் கதைகளைப் பாட்டாகப் பாடிக் காசு வாங்குவார்களே, அந்த வகைப் பாட்டு. நம் ஊர் கொலைச்சிந்து ஞாபகம் வந்தால் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் 1955-ல் இதைப் பாடியிருந்தார், அதனால் ரோலின்ஸ் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது அமெரிக்காவில் எல்லோர் வாயிலும் இருந்த மெட்டு இது. எல்லோருக்கும் தெரிந்த, மிகச் சாதாரணமான 16 பார் மெட்டை எடுத்துக்கொண்டு 10 நிமிடம் பேச முடியும் என்று காட்டுகிறார். நடுநடுவே மெட்டின் முனை எட்டிப் பார்க்கும். டாமி ஃப்ளனகனின் பியானோவையும் இங்கே கவனியுங்கள், ஒரு சுரம்கூட அதிகமாக இருக்காது, எல்லாம் துடைத்து வைத்த மாதிரி.

'ப்ளூ 7' 11 நிமிடம் ஓடுகிறது, எனக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. இதைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்களா?

ஆமாம், இதைத்தான். உங்களுக்கு அப்படித் தோன்றுவதில் தவறில்லை, எனக்கும் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் டக் வாட்கின்ஸின் பேஸ் மட்டும் நடந்து வரும். மேக்ஸ் ரோச் சேர்ந்துகொள்வார். அப்புறம்தான் ரோலின்ஸ் வந்து ஒரு மெட்டைப் போடுவார், அதை மெட்டு என்று சொல்வதுகூட அதிகம், அங்கொன்று இங்கொன்றாக எறிந்த சில சுரங்கள். இது 12 பார் ப்ளூஸ், அதாவது 48 அடிக்கு ஒருமுறை சுற்று முடியும். ஆனால் அந்த மெட்டுச் சுரங்கள் எந்த ஸ்வர ஸ்தானத்தை ஆதாரமாக வைத்து நிற்கின்றன என்று உடனே பிடிபடாது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. இந்த இழுபறிதான் முழு 11 நிமிடத்துக்கும் எரிபொருள்.

இனி ரோலின்ஸ் தனியாக வாசிக்கும்போது அந்த எறிந்த சுரங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பொறுக்குகிறார். ஒன்றை எடுத்து நீட்டுவார், இன்னொன்றைத் தலைகீழாகப் போடுவார், ஒரு இடத்தில் முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார், மீதியை நம் காது போட்டுக்கொள்ளும். பியானோ வாசித்து முடித்த பிறகு மறுபடி வருவார், அப்போதும் அதே துண்டுகள்தான் பேச்சு. இதெல்லாம் போகட்டும், மேக்ஸ் ரோச்சின் தனி ஆவர்த்தனத்தைக் கேளுங்கள்: சுரமே இல்லாத ட்ரம்ஸில் அவரும் ஒரு மூன்றடித் துண்டையும் ஒரு உருட்டலையும் மட்டும் வைத்துக்கொண்டு அதையே கட்டிக் கொண்டுபோகிறார். ரோலின்ஸ் சாக்ஸில் செய்ததை அவர் தோலில் செய்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு கவனித்துக் கேட்டிருக்கிறார்கள் என்பது அங்கே தெரியும்.

1958-ல் கன்தர் ஷுல்லர் என்ற இசையமைப்பாளர் 'த ஜாஸ் ரெவ்யூ' பத்திரிகையில் இந்த ஒரு உருப்படியை மட்டும் எடுத்து, ரோலின்ஸ் மெட்டின் கருவிலிருந்தே எப்படிக் கற்பனை செய்கிறார் என்று சுரம் சுரமாக அலசினார். ஜாஸ் விமர்சனத்தில் இன்றும் பேசப்படுகிற கட்டுரை அது. ஆனால் அதைப் படித்த பிறகு வாசிக்கும்போது தன்னைத்தானே கவனிக்க ஆரம்பித்துவிட்டதாகவும், அது தனக்கு இடைஞ்சலாக இருந்ததாகவும் ரோலின்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இது முக்கியமான விஷயமாகப் படுகிறது. அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அவருக்கு அது பேச்சு மாதிரி வந்தது. நாமும் அலசலை ஒருமுறை தெரிந்துகொண்டு, அப்புறம் அதை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்பதே நல்லது.

அப்படியென்றால் எழுதி வைத்து வாசித்தது எவ்வளவு, அப்போதைக்கு வந்தது எவ்வளவு?

மெட்டும், சுற்றின் அடியில் இருக்கிற கார்டுகளும் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) முன்கூட்டியே தெரியும். யார் எப்போது வாசிப்பது என்று ஒரு ஏற்பாடு இருக்கும். மற்றதெல்லாம் அந்த நேரத்தில் வந்ததுதான்.

இந்தப் பதிவுக்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது என்கிறார்களே?

பதிவுக்குப் பின்னால் என்பதைவிட, பதிவு முடிந்த 4 நாளில். ரோலின்ஸும் மேக்ஸ் ரோச்சும் அப்போது ஒரே குழுவில் இருந்தார்கள், ட்ரம்பெட் கலைஞர் க்ளிஃபர்ட் பிரவுனும் ரோச்சும் சேர்ந்து நடத்திய குழு. ஜூன் 26 அன்று க்ளிஃபர்ட் பிரவுன், பியானோ கலைஞர் ரிச்சி பவல், பவலின் மனைவி நான்சி மூன்று பேரும் சிகாகோவுக்குக் காரில் போகும் வழியில் பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் விபத்தில் இறந்தார்கள். பிரவுனுக்கு 25 வயது, ரோலின்ஸின் வயதுதான். போதைப் பொருள் பக்கமே போகாமல் இவ்வளவு நன்றாக வாசிக்க முடியும் என்று ரோலின்ஸுக்கு வாழ்ந்து காட்டியவர் அவர்.

ஜூன் 22 அன்று வாசித்துக்கொண்டிருந்த இவர்கள் யாருக்கும் இது தெரியாது. ஆல்பத்தில் சோகத்தைத் தேடாதீர்கள், அதில் இல்லை. ஆனால் இந்தத் தேதிகளைத் தெரிந்துகொண்ட பிறகு 'செயின்ட் தாமஸ்' தொடங்கும்போது என் மனசு ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போகிறது.

ஃபோனில் கேட்டால் போதுமா? எல்.பி. தட்டு வாங்க வேண்டுமா?

தட்டு வாங்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் முழுக்க மறைந்துவிடும். ஒரு நண்பர் 'ப்ளூ 7' பிடிக்கவில்லை என்று சொன்னார், விசாரித்தால் சமையலறையில் ஃபோனை மாவு டப்பாமேல் சாய்த்து வைத்துக் கேட்டிருக்கிறார், முதல் அரை நிமிடம் அவருக்குச் சத்தமே வரவில்லையாம். சாதாரண இயர்ஃபோன் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். "யார் இந்த ஆள் நடந்து வருகிறான்?" என்று கேட்டார். அதுதான் டக் வாட்கின்ஸ். பதிவு மோனோ, இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான் வரும், உங்கள் கருவியில் கோளாறு இல்லை.

ரோலின்ஸ் பெரியவரா, கோல்ட்ரேன் பெரியவரா?

இந்தச் சண்டையில் நேரத்தை விடாதீர்கள். கோல்ட்ரேனும் டெனர் சாக்ஸ் கலைஞர்தான், இரண்டு பேரும் நண்பர்கள். இந்தப் பதிவுக்கு ஒரு மாதம் முன்பு, 1956 மே மாதம், இருவரும் சேர்ந்து ஒரு ப்ளூஸ் வாசித்திருக்கிறார்கள், 'டெனர் மேட்னஸ்' என்ற ஆல்பத்தின் தலைப்பு உருப்படி அது. ஜான் கோல்ட்ரேன் ஒரு வீட்டின் எல்லா அறைகளையும் திறந்து பார்த்துவிட வேண்டும் என்கிற மாதிரி வாசிப்பவர், ரோலின்ஸ் ஒரே அறையில் உட்கார்ந்து அங்கிருக்கிற ஒரு பொருளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர். எனக்கு ரோலின்ஸ் பிடிக்கும், அவ்வளவுதான்.

பாலத்தின் மேல் நின்று சாதகம் செய்தார் என்பது உண்மையா?

உண்மை. புகழின் உச்சியில் இருந்தபோது, 1959-ல், தன் வாசிப்பு தனக்கே திருப்தியாக இல்லை என்று மேடையை விட்டு விலகி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதையில் போய்த் தினமும் மணிக்கணக்கில் வாசித்தார். அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதும் ஒரு காரணம். 1961 வரை அப்படி. திரும்பி வந்து 1962-ல் வெளியிட்ட ஆல்பத்துக்கு 'த பிரிட்ஜ்' என்றே பெயர். 1960களின் பிற்பாதியில் மறுபடி ஒருமுறை விலகி, இந்தியாவுக்கு வந்து பம்பாய் பொவாயில் ஒரு ஆசிரமத்தில் சில மாதம் தங்கி யோகமும் வேதாந்தமும் படித்தார். 'சாக்ஸபோன் கொலோசஸ்', அதாவது சாக்ஸபோன் பேருருவம், என்று பெயர் போட்ட தட்டு வந்த பிறகும், தான் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்கிறது.

இது பிடித்துவிட்டது. அடுத்து எதைக் கேட்பது?

'வே அவுட் வெஸ்ட்', 1957 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவானது. பியானோவே கிடையாது, சாக்ஸ், பேஸ், ட்ரம்ஸ் மட்டும். இதுவரை மெட்டை மனதில் வைத்துக் கேட்டுப் பழகியிருந்தால், கார்டு வாசிக்க ஆள் இல்லாத அந்த வெற்றிடத்திலும் உங்களுக்குச் சுற்று தெரியும். அது சுலபமாகிவிட்டால் அதே வருடம் நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் நேரடியாகப் பதிவுசெய்ததைக் கேளுங்கள், அங்கே ரோலின்ஸ் இன்னும் முரட்டுத்தனமாக இருப்பார். ஆனால் அவசரம் வேண்டாம், முதலில் 'ப்ளூ 7'-ஐ இன்னொரு முறை கேளுங்கள், இந்த முறை ரோச்சின் இரண்டு கைகளை மட்டும்.